கண்டோம் என்று சொல்லலாமா?

வாய்மை என்னும் விரதத்தைப் பற்றிப் பேசும்போது நம் நினைவிற்கு வருவன பெரும் பொய்களே. பொய்ச்சான்று கூறுதல், கள்ளக் கணக்கு எழுதுதல், எடை குறைத்தல் ஆகியவற்றைச் செய்யாத ஒருவர், தம்மை வாய்மையாளர் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், பொய்யில் வேறொரு வகையும் உண்டு. சொல்லப்படும் பொருள் மெய். சொல்லுகிற முறை பொய். உலகில் உள்ள ஒன்றையே உள்ளது என்கிறோம். ஆனால் நாம் காணாமலே அதனைக் கண்டதாகச் சொல்கிறோம். இது பொய்யாகுமா, ஆகாதா? ஆகுமெனின், இதனால் எவருக்கேனும் தீங்கு உண்டா?

இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள மீனவச் சிற்றூர் ஒன்றில், 1986ஆம் ஆண்டில், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நம் முன் வைத்த வினா இது. அவள் இதனை வினாவாகவும் கேட்கவில்லை. "எனக்குத் தெரியலை, டீச்சர்" என்று மட்டுமே சொன்னாள். அவளுக்கு உரிய விடையைச் சொல்ல நமக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. எழுபதைக் கடந்துவிட்ட இந்நிலையில், அதனை நம் குடும்பத்தவராகிய உங்கள் முன் வைப்பது கடமை எனக் கருதி எழுதுகிறோம்.

உள்ளங்கையில் பெய்யும் மழை

நிகழ்ச்சியைச் சொல்லுமுன், அன்று நாங்கள் காண விரும்பிய பொருள் யாது என்பதைச் சொல்லிவிடுதல் நலம்.

பள்ளி ஆய்வகத்தில் பொன்னிலை மின்காட்டியை நீங்கள் கண்டிருக்கக்கூடும். கண்ணாடிக் குடுவைக்குள் தொங்கும் இரு மெல்லிய பொன்னிலைகள், மின்னூட்டம் பெற்றதும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். எவ்வளவு செம்மையாக அதனைக் காப்பிட்டு வைத்தாலும், நேரம் செல்லச் செல்ல இலைகள் மெல்லத் தாழ்ந்துவிடும். குடுவைக்குள் இருக்கும் காற்றை ஏதோ ஒன்று இடைவிடாது மின்கடத்தியாக்கிக் கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கமே இதற்குக் காரணம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் கருதினர்.

அங்ஙனமாயின், மண்ணை விட்டு விலகிச் சென்றால் இவ்விளைவு குறைய வேண்டும் அன்றோ? 1910இல் தியோடர் வுல்ஃப் என்னும் பாதிரியார் தம் கருவியைப் பாரிசு நகரின் ஈஃபில் கோபுரத்தின்மேல் கொண்டு சென்றார். எதிர்பார்த்த அளவு குறையவில்லை. 1911இல் இத்தாலிய அறிஞர் தொமெனிக்கோ பச்சீனி வேறு வழியில் சென்றார். அவர் தம் கருவியைக் கடல்நீருக்குள் மூன்று மீட்டர் ஆழத்தில் இறக்கினார். பின்னர் ஏரி ஒன்றிலும் அவ்வாறே செய்தார். நீருக்குள் சென்றதும் கதிர்வீச்சு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மேலிருந்து வரும் ஒன்றை நீர் தடுத்திருக்கிறது என்றால், அக்கதிர்களில் ஒரு பகுதியேனும் மண்ணிலிருந்து வருவதன்று என்று அவர் முடிவு செய்தார். 1912 ஆகஸ்டு 7ஆம் நாள் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தார். அங்கே கதிர்வீச்சு தரையில் உள்ளதைக் காட்டிலும் பன்மடங்காக இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்துச் சூரிய கிரகணத்தின்போதும் அவர் பறந்து அளந்திருந்தார். சூரியன் மறைந்தும் கதிர்கள் குறையவில்லை. ஆதலின் அவை சூரியனுக்கும் அப்பாலிருந்து வருவன என்று கருதினார். ஹெஸ்ஸுக்கு 1936இல் நோபெல் பரிசு கிடைத்தது. பச்சீனி 1934இலேயே மறைந்துவிட்டார்.

காஸ்மிக் கதிர்கள் எனப்படும் இவற்றுள் பெரும்பாலானவை, விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான்கள். அவை நம் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் காற்றணுக்களோடு மோதிச் சிதறும்போது புதிய துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் வழியே தோன்றித் தரைவரை வந்து சேருவது மியூவான் என்னும் துகள். அதன் ஆயுள் ஒரு நொடியை இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றின் கால் பங்குகூட இல்லை. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் அது, தன் சராசரி ஆயுளில் ஒளியின் வேகத்தில் வந்தாலும் 700 மீட்டரைக்கூடக் கடத்தல் அரிது. எனினும் வந்து சேருகிறது. மிகு விரைவில் செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாக நடக்கும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு இது நேரிய சான்று. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்திற்கு ஒன்று என்ற அளவில் இவை விழுகின்றன. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நொடிக்கு ஒன்று அதனூடே செல்கிறது எனலாம். நனைக்காத இந்த மழை நம் கூரையையும் உடலையும் ஊடுருவி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஏரிக்கரையில் ஓரிரவு

அக்காலத்தில் நாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தோம். ஆண்டுதோறும் மாணவ ஆசிரியைகளைச் சிற்றூர் ஒன்றிற்கு அழைத்துச் சென்று ஐந்து நாள் குடிமைப் பயிற்சி முகாம் நடத்துதல் வழக்கம். 1986 மார்ச்சு மாதம் 32 பேருடன் பழவேற்காட்டிற்குச் சென்றோம். வழியில் புழல் ஆதிநாதர் ஆலயத்தில் வணங்கி, பொன்னேரியைக் கடந்து, ஏரிக்கரையை அடைந்தோம்.

சில்காவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் அதில் கலக்கின்றன. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. 1980 ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளை ஏந்தி எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் எழுந்ததும் அங்கிருந்தே. அந்த இடிமுழக்கத்தைத் தம் குடிசையிலிருந்தே கேட்ட குழந்தைகள் வானத்தைப் பற்றி ஓயாமல் வினவினர். அவ்வாண்டு ஹாலி வால்விண்மீனும் வந்திருந்தது. விடியலுக்கு முன் எழுந்து தென்கிழக்கில் அதனைத் தேடினர்.

ஒன்றை இங்கு மறையாமல் சொல்ல வேண்டும். மீன்பிடித்தல் நம் விரதங்களுக்கு ஒவ்வாத தொழில். அம்மக்களிடம் நாம் அன்போடுதான் பழகினோம். ஆயினும் அந்த அன்பினுள் ஒரு மேட்டிமை ஒளிந்திருந்தது. அறியாமையால் பாவத்தில் உழல்பவர்கள், நாம் அறம் அறிந்தவர்கள் என்ற எண்ணம் அது. அவர்களோ, நாம் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்று கேள்விப்பட்டதும், நாள்தோறும் சூரியன் மறையுமுன்பே நமக்கென்று தனியாகத் துலக்கிய செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தனர்.

வானத்தைப் பற்றிக் கேட்கும் குழந்தைகளுக்குக் காஸ்மிக் கதிர்களைக் காட்டலாம் என்ற எண்ணம் நமக்கு எழுந்தது. முகிற்கலம் என்னும் கருவியை எளிய பொருள்களாலேயே செய்யலாம் என்று படித்திருந்தோம். அகன்ற கண்ணாடிச் சாடி ஒன்று. அதன் மேற்புறத்தில் எரிசாராயத்தில் நனைத்த கம்பளித் துணி. அடியில் கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தட்டு. அத்தட்டின்கீழ் மிகுந்த குளிர். மேலிருந்து இறங்கும் சாராய ஆவி, அடியிலுள்ள குளிர்ச்சியால் திவலையாகத் துடித்து நிற்கும். அந்நேரம் மின்னூட்டமுள்ள துகளொன்று ஊடே பாய்ந்தால், அது சென்ற வழியெங்கும் ஆவி திவலைகளாகப் படியும். இருளில் பக்கவாட்டில் டார்ச் ஒளியைப் பாய்ச்சினால், வெண்ணிற நூலிழை போன்ற ஒரு கோடு தோன்றிச் சில நொடிகளில் மறையும்.

குளிர்ச்சிக்கு உலர்பனி வேண்டும் என்று நூல் கூறியது. அது நமக்குக் கிடைக்கவில்லை. மாணவ ஆசிரியை ஒருத்தி, "இறால் பெட்டிக்குப் போடும் ஐஸ்கட்டிதான் இங்கே வேண்டிய அளவு இருக்கிறதே! உப்பைக் கலந்தால் இன்னும் குளிருமே!" என்றாள். நல்ல யோசனை என்று ஏற்றோம்.

முகாமின் நான்காம் நாள் இரவு. பள்ளித் திண்ணையில் விளக்குகளை அணைத்தோம். ஊர்ப் பெரியவர்களும் குழந்தைகளும் சூழ்ந்து நின்றனர். கால் மணி நேரம் சென்றது. ஒன்றும் தோன்றவில்லை. அரை மணி ஆயிற்று. அப்பொழுது ஒருத்தி, "அதோ, ஒரு கோடு!" என்றாள். அடுத்தவளும் கண்டேன் என்றாள். பின்னர் வரிசையாக எல்லோரும் கண்டனர். நாம் குனிந்து நோக்கினோம். நாம் கண்டவை தட்டின்மேல் படர்ந்த மெல்லிய மூட்டமும், டார்ச் ஒளியில் மினுக்கிய தூசியுமே. ஊர்த் தலைவர், "தெரியுதுங்களா, டீச்சரம்மா?" என்று பணிவோடு கேட்டார். "தெரிகிறது" என்றோம்.

அதன்பின் குழந்தைகளின் முறை. ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்து, தெரிகிறது என்று துள்ளினர். அச்சிறுமி மட்டும் நெடுநேரம் பார்த்தாள். "எனக்குத் தெரியலை, டீச்சர்" என்றாள். "உற்றுப் பார், தெரியும்" என்றோம். மீண்டும் பார்த்தாள், தலையசைத்தாள். பிள்ளைகள் நகைத்தனர். "இவளுக்குக் கண்ணில் கோளாறு" என்றாள் மாணவ ஆசிரியை ஒருத்தி. நாம் அவளைத் தடுக்கவில்லை. சிறுமி ஒதுங்கிச் சென்று தூண் ஓரத்தில் நின்றாள்.

ஓராண்டு கழித்து நூலொன்றில் காரணம் அறிந்தோம். இத்தகைய கலத்தில் தட்டின் வெப்பநிலை ஏறத்தாழ சுழியத்திற்கு கீழ் 26 டிகிரி செல்சியசுக்கும் தாழ்ந்திருந்தால்தான் கோடுகள் தோன்றும். பனிக்கட்டியும் உப்பும் சேர்ந்த கலவை எவ்வளவு முயன்றாலும் சுழியத்திற்குக் கீழ் 21 டிகிரிக்கு அப்பால் இறங்காது. உலர்பனியோ சுழியத்திற்குக் கீழ் 78 டிகிரி. எனவே அன்றிரவு எவரும் எதையும் கண்டிருக்க இயலாது. 32 மாணவ ஆசிரியைகளும், ஊரார் அனைவரும், அவர்களுக்கு ஆசிரியையாகிய நாமும் தவறு. அச்சிறுமி ஒருத்தியே சரி.

மூன்று சமாதானங்கள்

மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்தது. நாமும் மூன்று சமாதானங்களைத் தேடிக்கொண்டோம்.

முதலாவது, சொன்ன செய்தி மெய்தானே என்பது. அன்றிரவும் கதிர்கள் அந்தத் திண்ணையின் ஊடே பாய்ந்துகொண்டுதான் இருந்தன. இல்லாத ஒன்றை நாம் சொல்லவில்லையே!

ஆனால் நாம் சொன்னது "கதிர்கள் உள்ளன" என்பதன்று, "தெரிகிறது" என்பதே. இவ்விரண்டும் வேறு. அறிவு வரும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என்று நம் முன்னோர் பிரித்தனர். கண்டறிவது ஒன்று, குறிகொண்டு ஊகித்தறிவது ஒன்று, தக்கார் சொல்லக் கேட்டறிவது ஒன்று. காஸ்மிக் கதிர்கள் நமக்கு அன்று உரையால் மட்டுமே அறிந்த பொருள். உரையால் அறிதல் இழிவன்று. நம் அறிவில் பெரும்பகுதி அவ்வாறு வந்ததே. அதனைக் காண்டல் என்று பெயர் மாற்றி விற்றதுதான் குற்றம். கலப்படம் செய்யும் வணிகரும் எண்ணெயைத்தான் விற்கிறார். எந்த எண்ணெய் என்பதில்தான் பொய் சொல்கிறார்.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், கருவி செம்மையாக இயங்கியிருந்தாலும் நாம் மியூவானைக் கண்டிருக்கப் போவதில்லை. அது சென்ற தடத்தில் படிந்த திவலைகளையே கண்டிருப்போம். தத்துவார்த்த சூத்திரம் புலன்களின் வழியே வரும் அறிவையும் நேரறிவு என்று கொள்ளாமல் பரோட்சம் என்றே வகுப்பதை நம் குடும்பங்களில் படித்தவர் அறிவர். கண்ணால் கண்டதற்கே இவ்வளவு அடக்கம் வேண்டுமெனின், காணாததற்கு எவ்வளவு வேண்டும்!

மெய்யான அறிவியலாரிடம் இவ்வடக்கத்தைக் காண்கிறோம். கல்கத்தாவில் டி.எம். போஸ் அவர்களும் அவர்தம் மாணவியார் பிபா சௌதுரியும் 1938 முதல் சில ஆண்டுகள் செய்த ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. அவர்களிடம் பெரும் கருவிகள் இல்லை. ஒளிப்படத் தட்டுகளை டார்ஜிலிங், சந்தக்பூ முதலிய மலையிடங்களில் மாதக்கணக்கில் வைத்து, பின்னர் அவற்றைக் கழுவி, நுண்ணோக்கியால் கதிர்களின் தடங்களை ஆராய்ந்தனர். எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகளின் தடங்கள் அவற்றில் உள்ளன என்று கணக்கிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். மேலும் துல்லியமாகச் சொல்ல உயர்ந்த வகைத் தட்டுகள் வேண்டும். உலகப் போரினால் அவை கிடைக்கவில்லை. போருக்குப்பின் சிறந்த தட்டுகளைக் கொண்டு அதே முறையில் 1947இல் பையான் என்னும் துகளைக் கண்ட பவல் அவர்களுக்கு 1950இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிபா அம்மையார் 1991இல் பெரும்புகழ் ஏதுமின்றி மறைந்தார். 2019இல்தான் தொலைதூர விண்மீன் ஒன்றிற்கு 'பிபா' என்று அவர் பெயர் சூட்டப்பட்டது. தட்டு எவ்வளவு காட்டியதோ அவ்வளவிற்கு மேல் சொல்லாதிருந்தவருக்கு உலகம் பரிசு தரவில்லை என்பது மெய்யே. ஆயினும் அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெறவேண்டியிருக்கவில்லை எனில், அதுவும் ஒரு செல்வமன்றோ?

இரண்டாவது சமாதானம், அத்தனை பேரும் கண்டோம் என்றார்களே என்பது. பலர் சொல்வது சான்றாகாதா?

இதற்கும் இக்கதிர்களின் வரலாறே விடை தருகிறது. துகள் ஒன்று பாயும்போது 'டிக்' என்று ஒலிக்கும் கைகர் எண்ணி, காரணமின்றியும் சில வேளை ஒலிக்கும். 1929இல் வால்டர் போத்தே என்பவரும் அவர்தம் தோழரும் இரண்டு எண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தனர். இரண்டும் ஒரே கணத்தில் ஒலித்தால் மட்டுமே துகள் ஒன்று இரண்டையும் ஊடுருவிச் சென்றது என்று கொண்டனர். இன்று உதகமண்டலத்தில் நூற்றுக்கணக்கான உணரிகளைப் பரப்பி நடைபெறும் கிரேப்ஸ்-3 ஆய்வுவரை, பல சான்றுகள் ஒருங்கே சொல்வதை ஏற்கும் இவ்வழியே தொடர்கிறது. இரு சான்றுகள் ஒத்தால் ஏற்கலாம் என்பது நம் பஞ்சாயத்திலும் உள்ள முறைதானே!

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. மேலிருக்கும் எண்ணி என்ன சொல்கிறது என்பது கீழிருக்கும் எண்ணிக்குத் தெரியாது. ஒன்றையொன்று கேட்டுச் சொல்லாததனால்தான் அவற்றின் ஒற்றுமைக்கு மதிப்பு. அன்றிரவு ஏரிக்கரையில் நடந்தது அதற்கு நேர்மாறு. முதல்வள் சொன்னதைக் கேட்டு இரண்டாமவள் சொன்னாள். இருவரையும் கேட்டு நாம் சொன்னோம். டீச்சரம்மாவே சொல்லிவிட்டாரே என்று ஊர் சொன்னது. நூறு பேர் கூடியிருந்தும் அங்கே இருந்தது ஒரே சான்று, அதுவும் பொய்ச்சான்று. பிறரைக் கேளாமல் தன் கண்ணை மட்டும் கேட்டுச் சொன்னவள் அச்சிறுமி ஒருத்தியே.

இந்நேர்மையை அவள் எங்கே கற்றாள் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். பழவேற்காட்டில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்ளும் 'பாடு' என்னும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இன்று இன்னார் முறை, நாளை இன்னார் முறை என்று ஊர் அறிய நடப்பது அது. அங்கே சொல் பிசகினால் ஊர் நடவாது. நீர்ப்பரப்பில் மீன்கூட்டத்தின் அறிகுறி தெரிகிறதா என்று தந்தை கேட்கும்போது, அவரை மகிழ்விப்பதற்காகத் தெரிகிறது என்று மகள் சொன்னால், வலையும் உழைப்பும் வீண். காணாததைக் காணவில்லை என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு வாழ்க்கையிலேயே வாய்த்திருந்தது. அறம் அறிந்தவராகத் தம்மை எண்ணிக்கொண்டு சென்ற நமக்கு அன்று அது வாய்க்கவில்லை.

மூன்றாவது சமாதானமே வலிமையானது. தீமை கலவாத நன்மை விளையுமாயின் பொய்யையும் மெய்யோடு சேர்த்து எண்ணலாம் என்னும் பொருளில் குறள் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு அறிவியலில் ஆர்வம் ஊட்டினோம், ஊரார் மகிழ்ந்தனர், நம் மாணவியர் நாணாமல் தப்பினர். இது நன்மை அன்றோ?

இதற்கு விடை நம்மிடம் இல்லை. அச்சிறுமியிடமே இருந்தது.

மீண்டும் அத்திண்ணையில்

2024 ஜனவரியில் நம் தம்பியின் பேரன், பொறியியல் மாணவன், முகிற்கலம் ஒன்றைத் தானே செய்து நமக்குக் காட்டினான். சென்னையில் விலைக்கு வாங்கிய உலர்பனி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய மீன்தொட்டி ஆகியவையே அவன் பொருள்கள். அதில் முதல் வெண்கோட்டைக் கண்டபோது நமக்கு மகிழ்ச்சி வரவில்லை. அத்திண்ணைத் தூண்தான் நினைவிற்கு வந்தது. "இதைப் பழவேற்காட்டிற்கு எடுத்து வருவாயா?" என்று கேட்டோம். தெர்மாகோல் பெட்டியில் உலர்பனியை அடைத்துக்கொண்டு வந்தான்.

ஏரியில் பூநாரைகள் நின்றிருந்தன. அவளைத் தேடிக் கண்டறிதல் அரிதாக இல்லை. அதே ஊரில் மணமாகி, நண்டு வாங்கி விற்கும் தொழில் செய்துவந்தாள். நம்மை அவளுக்கு நினைவிருந்தது. இருள் சூழ்ந்தபின் அவள் வீட்டுத் திண்ணையிலேயே கலத்தை வைத்தோம். பத்து நிமிடம் கழிந்ததும் தட்டின்மேல் மெல்லிய இழை ஒன்று ஓடி மறைந்தது. பின்னர் ஒன்று, மற்றொன்று.

"இதுதானா அது?" என்றாள்.

"இதுதான்" என்றோம்.

பேரன் விளக்கினான். தடித்துக் குறுகிய கோடுகள் காற்றிலுள்ள ரேடான் வாயுவிலிருந்து வருபவை. வளைந்து நெளிபவை விரைவு குறைந்த எலக்ட்ரான்கள். மெலிந்து நேராகச் செல்வனவற்றுள் பல வானிலிருந்து வந்த மியூவான்கள்.

"அப்போ இந்த ஒரு கோடு வானத்துலேருந்துதான் வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா, தம்பி?"

"இந்த ஒன்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, அத்தை. இவற்றில் பல அப்படி வந்தவை என்றுதான் சொல்லலாம்."

அவ்விடையைக் கேட்டு அவள் நிறைவோடு தலையசைத்தாள். அப்பொழுது நாம் சொன்னோம்: "அன்றைக்கு இங்கே எதுவும் தெரியவில்லை, அம்மா. எனக்கும் தெரியவில்லை. தெரிகிறது என்று நான் பொய் சொன்னேன்."

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னாள்: "என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சேன், டீச்சர். அப்பாவும் பொன்னேரிக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணைக் காட்டினாரு. கண்ணு நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனாலும் அதுக்கப்புறம் நான் எதையும் முதல்ல சொல்ல மாட்டேன். நாலு பேரு சொன்னப்புறம்தான் சொல்லுவேன்."

மூன்றாவது சமாதானம் அங்கே வீழ்ந்தது. தீமை கலவாத நன்மை என்று எண்ணியிருந்தோம். தன் கண்ணை நம்பிய ஒரே குழந்தைக்கு, தன் கண்ணை நம்பாதிருக்கக் கற்றுக்கொடுத்திருந்தோம். பொய்யும் களவும் பிறவும் எல்லாமே இம்சையின் வேறு வடிவங்கள் என்று அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குவதைப் பலமுறை படித்திருக்கிறோம். அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. மீனைக் கொல்லாத கையைப் பற்றி நாம் பெருமை கொண்டிருந்தோம். ஒரு குழந்தையின் அறிவில் நம் நா செய்த காயத்தை எண்ணியதில்லை.

பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டோம். அவள் பெரிய சொற்கள் ஏதும் சொல்லவில்லை. "விடுங்க டீச்சர். அந்த டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க" என்று சொல்லி மீண்டும் குனிந்தாள். உலர்பனி தீரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நமக்கு உரியது

இந்நிகழ்ச்சியால் நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை சில உள.

நம்மவருள் சிலர் அறிவியலில் புதிதாக ஒன்று கேள்விப்பட்டவுடன், அதனை நம் ஆகமங்கள் முன்பே சொல்லிவிட்டன என்று மேடையில் முழங்குவதைக் கேட்கிறோம். கண்ணுக்குத் தெரியாமல் வந்து சேரும் வினைத்துகளை, கண்ணுக்குத் தெரியாமல் பாயும் காஸ்மிக் கதிரோடு ஒன்றாக்கிப் பேசியவரையும் அறிவோம். இதுவும் அன்று நாம் செய்த பிழையே. ஒன்று ஆன்மாவின் கட்டையும் வீட்டையும் பற்றி ஆன்றோர் அருளிய உரை. மற்றொன்று அளந்து எண்ணப்பட்ட பருப்பொருள். இரண்டும் காணப்படாதவை என்பதனாலேயே ஒன்றாகிவிடா. ஆகமத்தின் பெருமை நம் பொய்ச்சான்றை நாடி நிற்பதன்று.

இளைய தலைமுறையினர்க்கு ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். எச்செய்தியைச் சொன்னாலும், கண்டேன், கருதினேன், கேட்டேன் என்னும் மூன்றில் உரிய ஒன்றைச் சேர்த்துச் சொல்லப் பழகுதல் வேண்டும். அண்டை வீட்டாரைப் பற்றிய பேச்சாயினும், கைப்பேசியில் வந்த செய்தியாயினும், கோயில் வரலாறாயினும் இதுவே முறை. ஒரு நாள் முழுதும் இதனைக் கடைப்பிடித்துப் பாருங்கள். நாம் 'கண்டேன்' என்று சொல்லத்தக்கவை எவ்வளவு சில என்பது விளங்கும். ஒரு பொருளை எந்நிலையில் நின்று சொல்கிறோம் என்று குறித்துச் சொல்லும் ஸ்யாத்வாதம் பண்டிதர் வாதத்திற்கு மட்டும் உரியதன்று. அடுக்களைப் பேச்சிலும் அதற்கு இடம் உண்டு.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒன்று. குழந்தை, "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லும்போது, "உற்றுப் பார்" என்று சொல்லுமுன் நாமே ஒருமுறை குனிந்து உற்றுப் பார்ப்போமாக. அங்கே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

அறம் வெல்க!